ரவுட்டரில் 100, பிளேஸ்டேஷனில் 6: கொன்சோல் பதிவிறக்கம் மெதுவாகும்போது எங்கே தேடுவது

திருகோணமலையில், பாலையூற்றில் இருக்கும் என் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து, "மாமா, லைன் நூறு எண்டு சொல்லித்தான் பூட்டினவங்கள். போன்ல பாத்தா தொண்ணூறு காட்டுது. பிளேஸ்டேஷன்ல மட்டும் முப்பத்தொரு மணித்தியாலம் எண்டு நிக்குது" என்றான். அவன் வீட்டுக்குப் பைபர் இணைப்பு வந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. இறக்கிக்கொண்டிருந்த கேமின் அளவு 90 ஜிபி. அதை 31 மணித்தியாலத்துக்குப் பகிர்ந்து பார்த்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 0.8 மெகாபைட், அதாவது ஆறரை மெகாபிட் வருகிறது. 100 மெகாபிட் இணைப்பில் இவ்வளவு குறைவாக வந்தால், வழியில் எங்கோ ஓரிடம் நன்றாகவே அடைபட்டிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

அந்த இடம் கொன்சோலுக்குள் இருக்கலாம். கொன்சோலுக்கும் ரவுட்டருக்கும் இடைப்பட்ட வீட்டுக்குள் இருக்கலாம். அல்லது ரவுட்டரைத் தாண்டி, கோப்பு வைக்கப்பட்டிருக்கும் சேர்வர் வரையான நீண்ட தூரத்தில் இருக்கலாம். நாங்கள் வழக்கமாக மூன்றாவதையே முதலில் சந்தேகித்து நிறுவனத்தின் இலக்கத்துக்கு அழைக்கிறோம். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு முதல் இரண்டில்தான் இருந்தது. எனவே அறிகுறியைப் பார்த்து இடத்தைத் தீர்மானியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்து நிமிடம் விட்டு, மீண்டும் அளந்து பாருங்கள். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால் எது பலித்தது என்று பின்னர் தெரியவராது.

முதலில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

இணைப்பு விற்கப்படுவது மெகாபிட்டில். கேமின் அளவு சொல்லப்படுவது ஜிகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட் ஆவதால், 100 மெகாபிட் இணைப்பு முழு மூச்சில் ஓடினாலும் செக்கனுக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் தராது. அப்படியானால் 50 ஜிபி கேம் ஒன்றுக்கு 67 நிமிடம், 90 ஜிபிக்கு இரண்டு மணித்தியாலம். நான்காம் தலைமுறை ரவுட்டர் வைத்திருப்பவருக்கு 20 மெகாபிட் கிடைக்கிறதென்றால் அதே 90 ஜிபி பத்து மணித்தியாலம் எடுக்கும். அது கோளாறு ஆகாது. எக்ஸ்பொக்ஸ் தன் வரிசைப் பக்கத்தில் வேகத்தை மெகாபிட்டில் காட்டுகிறது. பிளேஸ்டேஷன் 4 மீதி நேரத்தையும் இறங்கிய அளவையும் காட்டுவதால், பத்து நிமிடத்தில் எத்தனை ஜிபி கூடியது என்று குறித்துவைத்து நாமே கணக்கிட வேண்டும். மீதி நேரம் என்று திரையில் வருவதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தொடக்கத்தில் 40 மணித்தியாலம் என்று பயமுறுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் மூன்றாக இறங்குவது அதற்கு வழக்கம்.

அறிகுறி: கைபேசியில் முழு வேகம் இருக்கிறது, கொன்சோலில் மட்டும் இல்லை

மருமகனிடம் நான் முதலில் கேட்டது, "பின்னால கேம் ஏதும் ஓடிக்கொண்டு கிடக்கோ?" என்பதுதான். "இல்லை மாமா, நிப்பாட்டித்தான் வச்சிருக்கிறன்" என்றான். நிப்பாட்டி வைத்திருந்தான், மூடவில்லை. பிளேஸ்டேஷன் பொத்தானை அழுத்தி முகப்புக்கு வந்தால் கேம் உறங்கப்போகிறதே தவிர வெளியேறுவதில்லை. பிளேஸ்டேஷன் 4இல் ஒரு கேம் அந்த நிலையில் கிடந்தால்கூடக் கொன்சோல் பதிவிறக்கத்தைத் தானாகவே நெரித்துவிடும். நிகழ்நிலையில் விளையாடுபவருக்கு இடையூறு வரக்கூடாது என்ற எண்ணத்தில் இப்படி அமைத்திருக்கலாம். ஆனால் ஒருவரும் விளையாடாதபோதும் அது நடக்கிறது.

எப்படி நெரிக்கிறது என்பது விளங்கினால் மற்றப் பல அறிகுறிகளும் விளங்கும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன்னர் 'பாதை'யில், அதாவது வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில், அக்கரை போய்வந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இரண்டு கரையிலும் வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும், ஒரு தடவையில் பாதையின் தட்டில் எத்தனை வாகனம் ஏறும், அது போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற இரண்டும்தான் ஒரு நாளில் எத்தனை வாகனம் கடக்கும் என்பதைத் தீர்மானித்தன. பதிவிறக்கமும் அப்படித்தான். சேர்வர் ஒரு தொகுதியை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்று கொன்சோல் சொல்லும்வரை காத்திருக்கிறது; ஒரு தொகுதியில் எவ்வளவு வரலாம் என்பதைக் கொன்சோலே முன்கூட்டி அறிவிக்கிறது. அது 128 கிலோபைட் என்று அறிவிக்க, போய்வர 100 மில்லிசெக்கன் ஆகிறது என்று வையுங்கள்: செக்கனுக்குப் பத்துத் தடவை, ஆக 1.28 மெகாபைட், ஏறத்தாழ 10 மெகாபிட். உங்கள் வீட்டில் 100 மெகாபிட் இருந்தாலும் 1000 மெகாபிட் இருந்தாலும் அந்த ஓர் இணைப்பில் அதற்கு மேல் வராது. கேம் பின்னணியில் கிடக்கும்போது பிளேஸ்டேஷன் 4 தன் தட்டைச் சுருக்கிக்கொள்கிறது. சேர்வருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது பெரிதாக உறைக்காது. போய்வரும் நேரம் கூடிய எங்களுக்கு நன்றாக உறைக்கும்.

செய்யவேண்டியது மிக எளிது. முகப்பில் அந்தக் கேமின் படத்தின்மேல் நின்று ஒப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி, 'குளோஸ் அப்ளிகேஷன்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். யூடியூப் போன்ற செயலிகள் திறந்திருந்தால் அவற்றையும் மூடுங்கள். பின்னர் பதிவிறக்கத்தை ஒருமுறை இடைநிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். எக்ஸ்பொக்ஸிலும் கேம் ஓடும்போது இதுபோன்ற குறைப்பு உண்டு; 2021இல் வந்த மேம்படுத்தலுக்குப் பின்னர் அதன் வரிசைப் பக்கத்திலேயே கேமை உறங்கவைத்து முழு வேகத்தில் இறக்குவதற்கான பொத்தான் ஒன்று இருக்கிறது. இரவில் இறக்குவதானால் பிளேஸ்டேஷனை ஓய்வு நிலையில் விடுவது நல்லது. ஆனால் மின்சேமிப்பு அமைப்புகளில், ஓய்வு நிலையிலும் இணையத்தோடு தொடர்பில் இருக்கும் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். அது இயக்கப்படாமல் இருந்தால் விடியும்போது ஒரு பைட்டும் கூடியிராது.

மருமகன் கேமை மூடியதும் வேகம் 40 மெகாபிட்டுக்கு வந்தது. 31 மணித்தியாலக் கணக்கு ஐந்தாகியது. அதோடு அவன் திருப்தியடைந்துவிட்டான்; நான் அடையவில்லை. மீதி 60 மெகாபிட் எங்கே போனது என்று பார்க்க மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன்.

அவனிடம் இருந்தது 2013இல் வெளிவந்த முதல் வகைப் பிளேஸ்டேஷன் 4. கனடாவில் இருக்கும் சித்தப்பா பாவித்துவிட்டு அனுப்பியது. அந்த வகையின் வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 2016இல் வந்த ஸ்லிம், புரோ ஆகிய இரண்டிலும்தான் 5 கிகாஹேர்ட்ஸ் சேர்க்கப்பட்டது. மருமகனின் கைபேசி 5 கிகாஹேர்ட்ஸில் 90 மெகாபிட் வாங்கும்போது, அதே மேசையில் இருக்கும் கொன்சோல் அயல்வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் கூடிக் கத்தும் 2.4இல் நின்றுகொண்டிருந்தது. கைபேசியில் செய்யும் வேகச் சோதனை கொன்சோலைப் பற்றி எதையும் சொல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். போதாக்குறைக்கு அவன் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொன்சோலை ஒட்டியே வைத்திருந்தான். யூஎஸ்பி 3 கருவிகளும் அவற்றின் வயர்களும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும் என்பது இன்டெல் நிறுவனமே அளந்து வெளியிட்ட விடயம். டிஸ்கை ஒரு முழம் தள்ளி வைத்ததிலேயே சிறிது முன்னேற்றம் தெரிந்தது.

உங்கள் கொன்சோல் 5 கிகாஹேர்ட்ஸை அறிந்த வகையானால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, கொன்சோலை 5இல் மட்டும் இணையுங்கள். ஆனால் 5 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது விரைவில் களைத்துவிடும். ரவுட்டர் விறாந்தையிலும் கொன்சோல் கொங்கிரீட் தட்டுக்கு மேலே மாடி அறையிலும் இருந்தால் அது எட்டாமலே போகலாம். 2.4ஐ விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில், சனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள்; இடைப்பட்ட எண்கள் இரண்டு பக்கத்தோடும் மோதும்.

இவை எல்லாவற்றையும்விட நல்லது லான் வயர். 15 மீற்றர் வயர் ஒன்றைச் சுவரோரமாக இழுத்துப் பொருத்தியபின் மருமகனின் கொன்சோலில் வேகம் 92 மெகாபிட்டுக்கு வந்தது. 90 ஜிபிக்கு இரண்டேகால் மணித்தியாலத்துக்கும் குறைவு. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் 2017ஆம் ஆண்டு வகையின் டொக்கில் லான் துளை இல்லை. அதற்கு யூஎஸ்பி அடாப்டர் வாங்கவேண்டும். 2021இல் வந்த ஓஎல்இடி வகையின் டொக்கில் துளை உண்டு.

அறிகுறி: வயரில் இணைத்தும் 94இல் நின்றுவிடுகிறது, அல்லது 10க்குக் கீழே போகிறது

இணைப்பு 200, 300 மெகாபிட்டாக இருந்தும் வயரில் எப்போதும் 94 மெகாபிட்டை ஒட்டியே நின்றால், இடையில் ஏதோ ஒன்று 100 மெகாபிட் வகையாக இருக்கிறது. மலிவான ரவுட்டர்கள் பலவற்றின் லான் துளைகள் அந்த வகையே. துளை 1000 மெகாபிட் வகையாயிருந்தும் இப்படி நடந்தால் வயரைச் சந்தேகியுங்கள்: 1000 மெகாபிட்டுக்கு எட்டு இழைகளும் தொடவேண்டும், 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனால் கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடக்கூடும். ரவுட்டரின் நிலைமைப் பக்கத்தில் ஒவ்வொரு துளைக்கும் எதிரே இணைவேகம் எழுதப்பட்டிருக்கும்.

திருக்கடலூரில் கடற்கரையை ஒட்டிய என் வீட்டில் இது வேறு விதமாக வந்தது. ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடிய வயர் ஒரு நாள் 10 மெகாபிட்டுக்கு விழுந்தது. முனையைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பார்த்தபோது, ஜன்னல் பக்கமாக இருந்த முனையின் எட்டுத் தொடுகைகளில் மூன்றில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றில் தங்கப்பூச்சு மெல்லியதாக இருக்கும் மலிவு முனைகள் இப்படித்தான் போகும். முனையை வெட்டியெறிந்து, வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம் என்ற ஒழுங்கில் இழைகளை அடுக்கிப் புது முனை அடித்ததும் சரியாகிவிட்டது. துளையின் உட்பக்கத்திலும் பச்சை தெரிந்தால் ரவுட்டரில் வேறு துளையைப் பாவியுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலருகே கொன்சோலையும் ரவுட்டரையும் வைக்கவேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்; காற்று வரட்டும் என்று எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள்.

அறிகுறி: இறங்கி முடிந்த பின்னரும் கேம் திறக்கவில்லை

இது இணையத்தோடு தொடர்பற்றது. பிளேஸ்டேஷன் 4 ஒரு மேம்படுத்தலை இறக்கியபின், பழைய கேமையும் புதிய பகுதிகளையும் சேர்த்து முழுவதையும் புதிதாகப் பிரதிசெய்கிறது. 2 ஜிபி மேம்படுத்தலுக்காக 90 ஜிபியையும் வாசித்து மீண்டும் எழுதவேண்டியிருப்பதாலும், உள்ளே இருப்பது மெதுவாகச் சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க் என்பதாலும் இது ஒரு மணித்தியாலம் வரை இழுக்கக்கூடும். அந்தப் பிரதிக்கு இடமும் வேண்டும். டிஸ்க் நிரம்பியிருந்தால் சிறிய மேம்படுத்தலுக்கும் பெரிய இடம் கேட்டு மறுக்கும். விளையாடாத கேம்களை அழித்துவிட்டு, ஆற அமர இருந்து, பாதுகாப்பு நிலையில் தரவுத்தளத்தை மீளக் கட்டுங்கள்: முழுவதும் அணைத்தபின் மின்பொத்தானை இரண்டாவது ஒலி வரும்வரை ஏறத்தாழ ஏழு செக்கன் அழுத்திப் பிடித்து, கட்டுப்பாட்டுக் கருவியை வயரால் இணைத்து, ஐந்தாவது தெரிவை எடுக்கவேண்டும். கேம்கள் அழியாது.

அறிகுறி: மாலை ஏழு மணிக்குப் பின்னர் மட்டும் மெதுவாகிறது

பகலில் நன்றாக ஓடி இரவு ஏழுக்கும் பதினொன்றுக்கும் இடையில் மட்டும் தளர்கிறதென்றால் கொன்சோலைத் தொடவே வேண்டாம். கோபுரத்திலிருந்து சிக்னல் வாங்கும் ரவுட்டரானால், அந்த நேரத்தில் ஊரே அந்தக் கோபுரத்தைப் பங்குபோடுகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற அளவைப் பாருங்கள்: கழித்தல் 80ஐ ஒட்டியிருந்தால் நல்ல சிக்னல், கழித்தல் 110ஐத் தாண்டி இறங்கினால் பலவீனம். ரவுட்டரை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துக் கோபுரப் பக்க ஜன்னலுக்கு நகர்த்தினாலே இலக்கம் மாறுவதைக் காண்பீர்கள். இலக்கம் நன்றாயிருந்தும் மாலையில் தளர்வது நெரிசல். அதற்கு வீட்டில் மருந்தில்லை, பின்னிரவில் இறக்குங்கள். பல வீட்டுப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பின் தனி இரவு டேட்டாவும் இருப்பதால் அது கைக்கும் நல்லது. ஆனால் முதலில் பொதியின் மீதியைப் பாருங்கள். 100 ஜிபியைத் தாண்டும் கேம் ஒன்றை மாத நடுவில் பகல் டேட்டாவில் இறக்கிவிட்டு, அளவு முடிந்து வேகம் குறைக்கப்பட்டதை லைன் பழுது என்று நினைத்து இரண்டு நாள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

இதே நேரத்தில் வீட்டுக்குள் நடப்பதையும் கவனிக்கவேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த அக்காவின் கைபேசி வைஃபையைக் கண்டதும் இருநூறு வீடியோக்களைக் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கும். ஏற்றும் வேகம் பல பொதிகளில் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. அது நிரம்பினால், 'கிடைத்தது' என்று கொன்சோல் அனுப்பவேண்டிய பதில்கள் வரிசையில் சிக்கி, பாதை அக்கரையிலேயே காத்து நிற்கும். கைபேசிகளின் வைஃபையை ஐந்து நிமிடம் அணைத்துப் பார்த்தால் இது உறுதியாகிவிடும்.

அறிகுறி: மழை தொடங்கியதும் தளர்கிறது

கார்த்திகையிலிருந்து தை வரை, வடகீழ்ப் பருவமழையில், செப்பு வயரில் வரும் பழைய இணைப்புகளுக்கு இது நேரும். தொலைபேசியை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரப்புக் கேட்டால் எங்கோ ஒரு மூட்டில் நீர் புகுந்திருக்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரைச்சல் இடைவெளி (எஸ்என்ஆர் மார்ஜின்) 6 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் அதைக் குறித்துவைத்து முறையிடுங்கள். பைபருக்கு மழை பொருட்டல்ல. வயர் எங்காவது மடிந்தோ இழுபட்டோ இருந்தால்தான் சிக்கல், அப்போது சிவப்பு விளக்கு எரியும்.

அறிகுறி: வேகச் சோதனையும் வயரும் சரி, கேம் விற்கும் ஓர் இணையக் கடையிலிருந்து மட்டும் மெதுவாக வருகிறது

வேகச் சோதனை பெரும்பாலும் மிக அருகிலுள்ள சேர்வரை, அதாவது கொழும்பிலுள்ள ஒன்றைத் தெரிவுசெய்து, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கிறது. கேம் கோப்பு சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருந்தால் அந்த அளவீடு பாதி வழிக்கு மட்டுமே பொருந்தும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்கள் வாசலில் இருந்தாலும், இலங்கையின் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கல்கிசை, கொழும்பு, மாத்தறை ஆகிய மேற்கு, தெற்குக் கரைகளில். எங்கள் பைட்டுகள் தீவைக் குறுக்கே கடந்து அங்கே போய்த்தான் கப்பலேறுகின்றன.

பெரிய நிறுவனங்கள் ஒரே கோப்பைப் பல நாடுகளில் வைத்திருக்கின்றன. உங்களுக்கு எந்தப் பிரதியைக் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் டிஎன்எஸ் (இணையப் பெயரைச் சேர்வரின் முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தே தீர்மானிக்கின்றன. எனவே கொன்சோலின் நெட்வேர்க் அமைப்பில் 'கஸ்டம்' வழியைத் தெரிவுசெய்து, டிஎன்எஸ்ஸை மட்டும் கையால் 8.8.8.8 என்று கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் தானியங்கியில் விட்டு, பத்து நிமிடம் அளந்து பாருங்கள். கேட்பவரின் முகவரியின் ஒரு பகுதியையும் கூகுளின் இந்தச் சேவை சேர்த்து அனுப்பும், கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 அந்தரங்கத்தைக் கருதி அனுப்புவதில்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு ஊர்ப் பிரதிகளைத் தரக்கூடும். முன்னேற்றம் இல்லையென்றால் பழையபடி தானியங்கிக்கே திருப்புங்கள், ஏனென்றால் உங்கள் நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ்தான் அருகிலுள்ள பிரதியைக் காட்டிக்கொண்டிருந்திருக்கலாம். டிஎன்எஸ் மாற்றினால் வேகம் இரட்டிப்பாகும் என்று சொல்லும் வீடியோக்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

கொன்சோலின் நெட்வேர்க் சோதனை நாட் வகை 3 (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ரவுட்டர் கட்டுப்படுத்தும் நிலை) என்று காட்டுவதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அது பலர் சேர்ந்து விளையாடுவதையும் பேசுவதையும் பாதிக்கும். கடையிலிருந்து இறக்குவதை அநேகமாகத் தொடாது. கணக்கு எந்த நாட்டில் திறக்கப்பட்டது என்பதும் கடையின் விலைக்கும் பட்டியலுக்கும் உரிய விடயம்.

இத்தனைக்குப் பின்னரும் சரிவரவில்லையென்றால் இப்போது நிறுவனத்துக்கு அழைக்கலாம். அழைக்கும் முன் ரவுட்டரில் வயரால் இணைத்த மடிகணினியில் காலை, மாலை, நள்ளிரவு என்று மூன்று நேரங்களில், கொழும்புச் சேர்வருக்கு ஒருமுறையும் சிங்கப்பூர்ச் சேர்வருக்கு ஒருமுறையும் வேகத்தையும் போய்வரும் நேரத்தையும் அளந்து, திகதியோடு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் இருப்பவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லித்தான் தொடங்குவார். அதைச் செய்துவிட்டு, அந்த ஆறு அளவுகளையும் வாசித்துக் காட்டி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு அதே தாளின் அடியில் எழுதுங்கள்.